வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டில் வாடகைக்கு இருப்பது: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

கொளத்தூரில் இருக்கும் என் பெரியம்மா, பெரியப்பாவின் சிறுநீரகச் சிகிச்சைக்குப் பணம் புரட்டிக்கொண்டிருந்த நாட்களில், தாம் இருபத்தெட்டு ஆண்டுகளாகக் குடியிருந்த வீட்டை ஒருவருக்குக் கிரையம் செய்து கொடுத்துவிட்டு, அதே வீட்டில் மாத வாடகைக்குத் தங்கிக்கொண்டார். "வீடு எங்கேயும் போகாதும்மா, மூணு வருஷத்துல பணத்தைக் குடுத்துட்டு உங்க பேருக்கே திருப்பி எழுதிக்கலாம்" என்று வாங்கியவர் சொல்லியிருந்தார். பத்திரத்தின் நகலை நான் முதன்முதலாகப் பார்த்தது, பதிவு முடிந்து பதினான்கு மாதம் கழித்து, காலி செய்யச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் வந்த அன்றுதான். அதன் நான்காம் பக்கத்தில், "மேற்படி சொத்தை இன்றைய தேதியில் தங்கள் சுவாதீனத்தில் ஒப்படைத்துவிட்டபடியால், இதுமுதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று எழுதியிருந்தது. கீழே பெரியம்மாவின் கையெழுத்தும் இடது பெருவிரல் ரேகையும் இருந்தன. திருப்பி எழுதிக் கொடுப்பதாகச் சொன்ன வாக்கோ, இருபது ரூபாய் முத்திரைத்தாள் ஒன்றில், பதிவாகாமல், சாட்சிக் கையெழுத்தும் இல்லாமல், பீரோவில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது.

அவசரப் பணத் தேவையில் இருக்கும் குடும்பங்களிடம் இத்தகைய பேரத்தை யாராவது ஒருவர் கொண்டுவருகிறார். அது எப்போதும் மோசடி என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக நடக்கும் பேரங்களும் உண்டு. ஆனால் பேரம் நேர்மையாக இருந்தாலும், கையெழுத்துப் போட்ட நொடியில் நீங்கள் உரிமையாளர் என்ற நிலையிலிருந்து வாடகைதாரர் என்ற நிலைக்கு இறங்கிவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு உங்களைக் காப்பது, அன்றைக்கே முறையாக எழுதிப் பதிவு செய்யப்பட்ட ஆவணங்கள் மட்டுமே.

கிரையமா, அடமானமா?

முதலில் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது, வீட்டை உண்மையிலேயே விற்க விரும்புகிறீர்களா, அல்லது வீட்டைப் பிணையாக வைத்துக் கடன் வாங்க விரும்புகிறீர்களா என்பதே. என் பெரியம்மா விரும்பியது கடன். அவர் கையெழுத்திட்டதோ விற்பனைப் பத்திரத்தில். "எப்படியும் திருப்பி எழுதிக்கொள்ளப் போகிறோம், பேர் என்னவாக இருந்தால் என்ன" என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. சட்டத்தின் முன் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு.

அடமானம் என்றால், பணத்தைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை உங்களிடமே இருக்கிறது. மீட்பதற்கான வழக்கைத் தொடுக்கக் காலவரம்புச் சட்டம் முப்பது ஆண்டுகள் தருகிறது. பணம் கொடுத்த தனிநபர், பொதுவாக, நீதிமன்றத்துக்குப் போகாமல் தாமாகவே வீட்டை எடுத்துக்கொள்ள முடியாது. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டத்தில் நிபந்தனைக் கிரைய அடமானம் என்று ஒரு வகையும் இருக்கிறது: பார்வைக்கு விற்பனை, உள்ளே அடமானம். ஆனால் 1929-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, திருப்பி எழுதிக் கொடுக்கும் நிபந்தனை அதே கிரையப் பத்திரத்துக்குள் எழுதப்பட்டிருந்தால்தான் அதை அடமானமாகக் கருத முடியும். வேறொரு தாளில் எழுதிவிட்டால், அந்தத் தாள் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், விற்பனை விற்பனையாகவே நிற்கும். பணம் கொடுப்பவர்கள் வாக்குறுதியைத் தனித்தாளில் எழுதித் தர விரும்புவதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. நிபந்தனை அதே பத்திரத்துக்குள் இருந்தாலும் நீதிமன்றம் தானாக அடமானம் என்று சொல்லிவிடாது. விலை சந்தை மதிப்பைவிட எவ்வளவு குறைவு, வீடு யார் கையில் இருந்தது, வரியை யார் கட்டினார்கள் என்பதையெல்லாம் வைத்தே இரு தரப்பின் நோக்கத்தைத் தீர்மானிக்கும்.

வீட்டைத் திருப்பி எழுதித் தருவதாகத் தனித்தாளில் எழுதப்படும் மறுகிரைய ஒப்பந்தம் செல்லாது என்பதில்லை. பதிவு செய்தால் அதற்கும் பலம் உண்டு. தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தின் விற்பனை குறித்த ஒப்பந்தங்களைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதிவு செய்தால் அது வில்லங்கச் சான்றிலும் ஏறும். வாங்கியவர் மூன்றாம் ஆளுக்கு விற்கப் போனால், அந்த மூன்றாம் ஆள் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. ஆயினும் ஒன்றை மறக்க வேண்டாம். மறுகிரைய ஒப்பந்தத்தில் குறித்த கெடுவை நீதிமன்றங்கள் மிகக் கண்டிப்பாகப் பார்க்கின்றன. மூன்று ஆண்டு என்று எழுதியிருந்தால் மூன்று ஆண்டுதான். ஒரு வாரம் தாமதமானாலும், அது வரை ஒழுங்காக வாடகை கட்டியதும் உங்கள் குடும்பக் கஷ்டமும் கணக்கில் வராமல் போகலாம்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது கடனாக இருந்தால், பதிவு செய்த அடமானப் பத்திரமாகவே எழுதச் சொல்லுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாமல் கிரையம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்குத் தேவை உங்கள் வட்டியா, உங்கள் வீடா என்பதை யோசித்துப் பாருங்கள். கிரையப் பத்திரத்துக்குப் பதிலாகப் பொது அதிகார ஆவணத்தில் (பவர் பத்திரம்) கையெழுத்துக் கேட்டால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பவர் கொடுப்பதால் சொத்து கைமாறிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் விற்பனை அதிகாரம் கொண்ட பவரை வைத்து, உங்கள் சார்பிலேயே உங்கள் வீட்டை இன்னொருவருக்குக் கிரையம் செய்துவிட முடியும்.

கணக்கு

பேரத்தில் சொல்லப்படும் தொகை பெரிதாகத் தோன்றும். அதை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். கடன் ஏதுமில்லாத வீடு, சந்தை மதிப்பு 80 லட்சம். உங்களுக்கு உடனே தேவைப்படுவது 12 லட்சம். வாங்குபவர் 50 லட்சம் தருகிறார். மாத வாடகை 20,000. மூன்று ஆண்டுக்குள் 60 லட்சம் கொடுத்தால் வீட்டைத் திருப்பித் தருகிறார்.

மூன்று ஆண்டு வாடகை 7,20,000 ரூபாய். திரும்ப வாங்கும்போது தமிழ்நாட்டில் கிரையத்துக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் உண்டு. 60 லட்சத்துக்கு 5,40,000 ரூபாய், அரசு அந்த இடத்துக்குக் குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு கூடுதலாக இருந்தால் இன்னும் அதிகம். ஆக, கையில் வாங்கிய 50 லட்சத்துக்கு நீங்கள் திருப்பித் தருவது 72,60,000 ரூபாய். ஆண்டுக்கு ஏறக்குறைய 15 சதவீத வட்டி ஆகிறது. அதுவும் உங்களுக்குத் தேவையே இல்லாத 38 லட்சத்துக்கும் சேர்த்து. திரும்ப வாங்க முடியாமல் போனால் 30 லட்சம் முதல் நாளே போய்விட்டது என்று பொருள்.

அதே வீட்டை வங்கியில் அடமானம் வைத்து 12 லட்சம் வாங்கி, வட்டி 11 சதவீதம், காலம் பத்து ஆண்டு என்று வைத்தால், மாதத் தவணை ஏறத்தாழ 16,530 ரூபாய். அந்த வாடகையைவிடக் குறைவு. பத்து ஆண்டு முடிவில் வீடு உங்களுடையது. வாடகை கட்ட முடிகிற குடும்பத்தால் இந்தத் தவணையையும் கட்ட முடியும் என்பதை, பேரம் பேச வருபவர் உங்களிடம் சொல்ல மாட்டார்.

வருமான வரியையும் இங்கேயே பார்த்துவிடலாம். குறைந்த விலைக்கு விற்றால் வரியும் குறையும் என்று நினைக்க வேண்டாம். பத்திரத்தில் காட்டும் விலையைவிட வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், கைக்கு வராத அந்த மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொண்டு மூலதன ஆதாய வரி கணக்கிடப்படும். வேறு வீடு வாங்கினால் கிடைக்கும் விலக்கு, பணத்தை மருத்துவமனைக்கோ கடனுக்கோ கட்டியவருக்குக் கிடைக்காது. கையெழுத்துக்கு முன்பே ஒரு ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து இதைக் கேட்டுவிடுங்கள்.

பணம் வாங்கும் முறையிலும் கவனம் வேண்டும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. தொகை முழுவதும் வங்கி வழியாக உங்கள் கணக்கில் வந்து சேர்ந்த பிறகே, அல்லது வங்கி வரைவோலை கையில் இருக்கும்போதே, "கிரையத் தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்ற வாசகத்தின் கீழ் கையெழுத்திடுங்கள். பின்தேதியிட்ட காசோலைகளை வாங்கிக்கொண்டு அந்த வாசகத்துக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது.

குடியிருக்கும் உரிமை எந்தத் தாளில் நிற்கிறது

"எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருங்கள்" என்ற வாய்ச்சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை. சென்னையில் வழக்கமாக எழுதப்படும் பதினோரு மாத ஒப்பந்தமும் இந்த நிலைமைக்குப் போதாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் பதிவைத் தவிர்ப்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. பன்னிரண்டாம் மாதம் உங்களுக்கு என்ன உரிமை என்பதை அது சொல்வதில்லை.

பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகார அலுவலகத்தில் பதிந்து ஒரு பதிவெண் பெற வேண்டும். எழுத்து ஒப்பந்தம் செய்யாமல் விட்டதே வாடகைதாரரை வெளியேற்றக் காரணமாகிவிடும். இரண்டு மாத வாடகை பாக்கி, உரிமையாளரின் சொந்தத் தேவை ஆகியவையும் வெளியேற்றக் கோரும் காரணங்களில் அடங்கும். நேற்று வரை சொந்த வீட்டில் இருந்தவர், மருத்துவச் செலவில் இரண்டு மாதம் தடுமாறினால், அந்த வீட்டைவிட்டே வெளியேற வேண்டிய வழக்கைச் சந்திக்க நேரிடும் என்பதை இந்த ஒரு வரியிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

எனவே ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ காலம் குறித்த குத்தகைப் பத்திரத்தை, கிரையம் பதிவாகும் அதே நாளில், அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யக் கேளுங்கள். கிரையத்துக்கு ஆகும் செலவோடு பார்த்தால் இதன் செலவு மிகச் சிறியது. பதிவு செய்த குத்தகை, வீடு பிறகு யார் கைக்குப் போனாலும் அவரையும் கட்டுப்படுத்தும். கணவன், மனைவி இருவர் பெயரும் வாடகைதாரராக அதில் இருக்க வேண்டும். ஒருவர் காலமானால் மற்றவர் அதே நிபந்தனைகளில் தொடர்வார் என்ற வாசகமும், வாங்கியவரின் வாரிசுகளையும் இது கட்டுப்படுத்தும் என்ற வாசகமும் வேண்டும். வாடகை ஆண்டுக்கு எவ்வளவு உயரும் என்பதை எண்ணில் எழுதுங்கள். "அப்போதைய நிலவரப்படி" என்று விட்டால், உங்களை வெளியேற்ற வாடகையை உயர்த்தினாலே போதும். சொத்து வரி, அடுக்ககமாக இருந்தால் பராமரிப்புத் தொகை, பெரிய பழுதுகள் ஆகியவை யார் பொறுப்பு என்பதையும் குறித்துவிடுங்கள்.

கிரையத் தொகையிலிருந்து அட்வான்ஸைக் கழித்துக்கொள்வது இத்தகைய பேரங்களில் நடப்பதுண்டு. வேறு வகையில் ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். கழித்த தொகை எவ்வளவு என்பது குத்தகைப் பத்திரத்தில் எழுத்தால் இருந்தால்தான், காலி செய்யும் நாளில் அதைக் கேட்டு வாங்க முடியும்.

கிரையப் பத்திரத்தின் வாசகத்தையும் இதற்கு ஏற்ப மாற்ற வேண்டும். சுவாதீனத்தை ஒப்படைத்துவிட்டதாக மட்டும் எழுதாமல், விற்பவர் இதே நாளில் பதிவாகும் குத்தகைப் பத்திரத்தின்படி வாடகைதாரராகத் தொடர்கிறார் என்று எழுதச் சொல்லுங்கள். பதிவான பத்திரத்தின் வாசகத்துக்கு எதிராக வாய்மொழிச் சாட்சியம் சொல்லச் சாட்சியச் சட்டம் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. பத்திரத்தின் வரைவை முந்தைய நாளே வீட்டுக்கு வாங்கிவந்து, உங்களுக்காக மட்டும் வேலை செய்யும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வாங்குபவர் அமர்த்திய வழக்கறிஞரையே இருவருக்கும் பொதுவாக வைத்துக்கொள்வது பெரியம்மா செய்த பிழை. அலுவலக வாசலில், டோக்கன் எண் கூப்பிடும் நேரத்தில், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே யாராலும் பத்திரத்தைப் படிக்க முடியாது.

வாங்குபவர் பணத்தை எங்கிருந்து கொண்டுவருகிறார்

இதைக் கேட்கப் பலருக்கும் கூச்சமாக இருக்கிறது. கேட்டே ஆக வேண்டும். அவர் வங்கிக் கடனில் வாங்கினால், கிரையம் பதிவாகும் நாளிலேயே வீடு வங்கியிடம் அடமானமாகிவிடுகிறது. அவர் தவணை கட்டத் தவறினால், ஒழுங்காக வாடகை கட்டிக்கொண்டிருக்கும் உங்கள் வீட்டு வாசலில் வங்கியின் அறிவிப்பு ஒட்டப்படும். பதிவு செய்யாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு வங்கியை எதிர்த்து நிற்பது கடினம்.

பிரிட்டனில் இது பெரிய அளவிலேயே நடந்தது. அங்கே வீட்டுக் கடன் கட்ட முடியாதவர்களிடமிருந்து வீட்டை வாங்கி அவர்களுக்கே வாடகைக்கு விடும் தொழில் பெருகியபோது, நிதிச் சேவைகளைக் கண்காணிக்கும் அமைப்பு 2009-இல் அதைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. குறைந்தது ஐந்து ஆண்டு வாடகைக் காலம், யோசித்து முடிவெடுக்க 14 நாள் அவகாசம் என்று பிறகு விதிகள் வந்தன. 2012-இல் ஆய்வு செய்தபோது பெரும்பாலான பேரங்கள் விற்றவருக்குப் பொருந்தாதவையாகவோ தாங்க முடியாதவையாகவோ இருந்ததால், அந்தத் தொழிலே அங்கு ஏறக்குறைய நின்றுபோனது. "இருக்கும் வரை இங்கேயே இருக்கலாம்" என்ற வாக்கை நம்பி விற்றவர்களின் வழக்கு, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. வாங்கியவர்கள் கடன் வாங்கிக் கட்டாமல் போயிருந்தார்கள். விற்றவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு, கடன் கொடுத்த நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் தீர்ப்பானது. அவ்வளவு விதிகள் உள்ள நாட்டிலேயே அப்படி. பதிவான கிரையத்தை இத்தனை நாளுக்குள் மனம் மாறித் திரும்பப் பெறலாம் என்று நம் சட்டத்தில் எங்கும் இல்லை. யோசிக்கும் அவகாசம் முழுவதும் கையெழுத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

வேறு வழிகள்

அறுபது வயது கடந்தவர்களுக்கு 2007-இல் தேசிய வீட்டுவசதி வங்கியின் நெறிமுறைகளோடு தொடங்கிய தலைகீழ் அடமானத் திட்டம் இருக்கிறது. வீடு உங்கள் பெயரிலேயே இருக்கும். வங்கி மாதாமாதமோ மொத்தமாகவோ பணம் தரும். தம்பதியரில் ஒருவர் காலமானாலும் மற்றவர் தம் ஆயுள் வரை அந்த வீட்டிலேயே இருக்கலாம். அதற்குப் பிறகு வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம், இல்லையெனில் வங்கி விற்றுத் தன் பணத்தை எடுத்துக்கொண்டு மீதியை அவர்களிடம் தரும். எல்லா வங்கிக் கிளைகளும் இதில் ஆர்வம் காட்டுவதில்லை. இரண்டு மூன்று இடங்களில் விடாமல் கேட்க வேண்டியிருக்கும்.

வீட்டுக் கடன் தவணை தவறியதால் பயந்து விற்க நினைப்பவர்கள், வங்கி அடுத்த நாளே வந்து பூட்டிவிடாது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். அடமானச் சொத்தை வங்கிகள் நீதிமன்ற வழக்கின்றி எடுத்து விற்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படியும், முதலில் 60 நாள் அறிவிப்புத் தர வேண்டும். வங்கியின் நடவடிக்கையை எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள் அவகாசமும் உண்டு. அதற்குள் தவணையைத் திருத்தி அமைக்கக் கேட்கலாம். மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடுவது, பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேசுவது ஆகியவற்றையும் நாம் கௌரவம் பார்த்துத் தள்ளிப்போடுகிறோம். எதுவும் கைகூடாவிட்டால், வீட்டை முழு விலைக்கு விற்றுவிட்டு ஆவடிப் பக்கமோ தாம்பரத்துக்கு அப்பாலோ சிறிய வீடு வாங்கிக்கொண்டு போவது, 30 லட்சத்தை விட்டுக்கொடுத்து அதே சுவர்களுக்குள் வாடகைதாரராக இருப்பதைவிட நல்லது என்றே நான் சொல்வேன். மனத்துக்கு அது வலிக்கும் என்பதும் தெரியும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால்

கிரையப் பத்திரத்தின் சான்றிட்ட நகலையும், இன்றைய தேதி வரையிலான வில்லங்கச் சான்றையும் பதிவுத் துறையில் வாங்குங்கள். வீடு உங்களுக்குத் தெரியாமல் மறுபடி கைமாறியதா, வங்கியில் அடமானமாகியிருக்கிறதா என்பது அதில் தெரியும். வாடகையை இனி ரொக்கமாகத் தராமல், மாதத்தைக் குறிப்பிட்டு வங்கி வழியாகவே அனுப்புங்கள். வாங்க மறுத்தால் மறுத்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையெனில் அதுவே பாக்கியாகக் காட்டப்படும். பணம் கைமாறிய நாளில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள், வங்கிக் கணக்கு விவரம் எதையும் அழிக்க வேண்டாம். நடந்தது உண்மையில் கடன்தான் என்று காட்ட அவை உதவக்கூடும். அநியாய வட்டிக்காக வீடு எழுதி வாங்கப்பட்டிருந்தால், 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தின் கீழ்க் காவல் துறையில் புகார் செய்யலாம். வழக்கறிஞருக்குச் செலவு செய்ய இயலாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே அந்த உதவி உண்டு.

மறுகிரைய ஒப்பந்தம் இருந்தால் அதன் கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்து, அதற்கு ஆறு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகை தயாராக இருப்பதற்கான வங்கிச் சான்று அல்லது கடன் அனுமதிக் கடிதத்தோடு, கெடு முடிவதற்குள் கிடைக்கும்படி வழக்கறிஞர் நோட்டீஸைப் பதிவு வசதியுடன் கூடிய விரைவுத் தபாலில், சேர்ப்பித்ததற்கான சான்று கிடைக்கும்படி அனுப்ப வேண்டும். ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கேட்கும் வழக்கில், பணத்தோடு நீங்கள் தயாராக இருந்தீர்களா என்பதையே நீதிபதி முதலில் பார்ப்பார். பெரியம்மாவின் இருபது ரூபாய்த் தாளில் கடைசித் தேதி எதுவும் எழுதப்படவே இல்லை. காலி செய்ய எட்டு மாத அவகாசமும் அட்வான்ஸும் மட்டும் பேசி வாங்க முடிந்தது.